சலாமிஸ் நீரிணையில் கால்மணி நேரம்

நான் பயந்த சுபாவம். ஒன்பதாம் மாடியில் குடியிருந்துகொண்டு எலிவேட்டரில் தனியே ஏறத் தயங்குகிறவள். அப்படிப்பட்ட நான் 1986 செப்டெம்பரில் தன்னந்தனியே ஏதென்ஸ் போய்வந்தேன் என்றால், ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் என்னைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஜெயம், இலங்கையில் எண்பத்து மூன்று கலவரத்துக்கு முந்திய வருடம், ஏஜென்சிக்காரர் மூலமாகக் கிரேக்கக் கப்பல் ஒன்றில் வேலைக்கு ஏறியவன். கப்பல் தொழில் படுத்துவிட, கொம்பனி அந்தக் கப்பலைச் சலாமிஸ் என்ற தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தியது. காவலுக்கு இவனையும் இன்னும் இரண்டு பேரையும் அதிலேயே விட்டார்கள். தம்பியின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. எண்பத்து மூன்றுக்குப் பிறகு ஊருக்கும் போக வழியில்லை. மாதம் ஒன்று என்று வந்துகொண்டிருந்த கடிதம் பெப்ரவரியோடு நின்றது. ஓகஸ்டில், ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில், கிரீஸில் நிற்பாட்டின கப்பலொன்றில் எங்கள் பெடியன் ஒருவன் செத்துப்போனான் என்று யாரோ கதைத்தார்கள். பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று தொடங்கி எனக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

வியாழன், பின்னேரம் நான்கு மணி. வீட்டிலிருந்து விமான நிலையம் முப்பது கிலோமீற்றர். என் கணவர் மிசிசாகாவில் வேலை செய்கிறவர், அந்த வழி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் நாலு மணித்தியாலம் முந்தியே கொண்டுபோய் இறக்கினார். ஆம்ஸ்ரர்டாமில் மாறிப் போகிற ரிக்கற், போகவர தொளாயிரத்துப் பத்து டொலர். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும், அதனால் அவர் வரவில்லை.

“இஞ்சாரும், அங்கை ஆரோடையும் வாயைக் குடுக்காதையும். பொலிஸ் கேட்டால் ரூறிஸ்ற் எண்டு மட்டும் சொல்லும்” என்றார்.

“ரூறிஸ்ற்தானே? கனேடியன் பாஸ்போர்ட் கிடக்கு. எனக்கென்ன பயம்?”

“உமக்கில்லை. தம்பியைப் பாக்க வந்தனான் எண்டு வாய் தவறிச் சொன்னீரெண்டால் அவனைத்தான் பிடிப்பாங்கள்.”

பயமில்லை என்று வாய் சொன்னது. கை, பாஸ்போர்ட் பைக்குள் இருக்கிறதா என்று மூன்றாம் முறையாகத் தடவியது.

வெள்ளி, பின்னேரம். ஏதென்ஸ் நகரின் நடுவிலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மின்சார ரயில் அரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. நிலைய வாசலில் குணம் காத்துக்கொண்டு நின்றார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கப்பல்காரர், முன்பு ஜெயத்தோடு ஒன்றாக வேலை செய்தவர்; ஜெயத்தின் பழைய கடிதமொன்றில் கிடந்த அவருடைய முகவரிக்கு முன்பே எழுதியிருந்தேன். ஒரு கோப்பிக் கடைக்குள் கூட்டிப்போய், சுவரோரமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

“அக்கா, கப்பல் நிக்கிற இடம் எனக்குத் தெரியும். ஆனால் கிட்டப் போக விடாங்கள். பக்கத்திலை நேவி முகாம். கரையிலை துறைமுகப் பொலிஸ்.”

“நீர் ஜெயத்தைக் கண்டனீரோ?”

“மாரிக்குப் பிறகு காணேல்லை. செத்த பெடியன் ஆரெண்டும் எனக்குத் தெரியாது, சத்தியமாய். மாசி மாதம் பொலிஸ் ஒரு கப்பலிலை ஏறி, கடுதாசி இல்லையெண்டு ரெண்டு பேரைக் கொழும்புக்கு ஏத்திவிட்டவங்கள். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கரைக்கு வாறேல்லை.”

கொழும்பில் இறங்கிய தமிழ்ப் பெடியனை விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. பிறகு அவர்தான் ஒரு சுற்றுலா பஸ்ஸைப் பற்றிச் சொன்னார்.

“சனிக்கிழமையிலை வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு ஒரு பஸ் போகுது. பழைய காலத்துச் சண்டை நடந்த இடங்களைக் காட்டுறது. முதல் மரதன், கடைசியிலை சலாமிஸ். பெராமா எண்ட கரையிலையிருந்து ஃபெரியிலை தீவுக்குப் போவாங்கள். ஃபெரி அந்தக் கப்பலுகளுக்குக் கிட்டத்தாலைதான் போகும். அதிலை ஏறுங்கோ. ஆரும் உங்களைச் சந்தேகப்படான்.”

சிகரெட் பெட்டியின் உள்தாளில் படம் கீறித் தந்தார். ஒன்றோடொன்று கட்டிய ஐந்து கப்பல்கள். மூன்றாவது எங்களுடையது. பச்சைப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளை வளையம்.

சனி, காலை எட்டு மணி. பயணச் சீட்டு இரண்டாயிரத்து எண்ணூறு திராக்மா, எங்கள் காசுக்கு இருபத்தெட்டு டொலர், மத்தியானச் சாப்பாடும் சேர்த்து. பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. பத்தொன்பது பேர், எல்லோரும் தொப்பியும் அரைக்காற்சட்டையும். நான் கடுஞ்சிவப்புச் சேலை, காலில் ஓடுகிற சப்பாத்து.

ரொறன்ரோவில் சுவிட்ச் பூட்டுகிற தொழிற்சாலைக்கு நான் காற்சட்டையோடுதான் போகிறவள். சேலையை வேண்டுமென்றே கொண்டுவந்தேன். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது, சேலை தெரியும். அந்தக் கடலில் வேறு யார் சேலை கட்டிக்கொண்டு வரப்போகிறார்கள்? கண்டவுடனே தம்பிக்கு விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். மற்ற எல்லோருடைய கண்ணிலும் அதே சேலை படும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

வழிகாட்டியின் பெயர் எலெனி. ஐம்பது வயதிருக்கும், மடித்த குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார். என் பக்கத்து இருக்கையில் மார்கிரெட் என்ற அவுஸ்திரேலிய விதவை. “எவ்வளவு அழகான உடை! கோயிலுக்குப் போகிறாயா?” என்று கேட்டார். ஓமென்று தலையாட்டினேன்.

ஒன்பதரை மணி, மரதன். ஏதென்ஸிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீற்றர். எங்களுக்கு மரதன் என்றால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முன் வெய்யிலில் ஓடவிடுகிற ஓட்டம், வாயில் நுரை தள்ள வந்து விழுவோம். இங்கே ஒலிவ் மரங்களுக்கு நடுவில் ஒரு மண்மேடு மட்டும் இருக்கிறது. ஒன்பது மீற்றர் உயரம், மேலே காய்ந்த புல். பாரசீகரோடு நடந்த சண்டையில் செத்த ஏதென்ஸ்காரர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரின் சாம்பல் இதற்குள் இருக்கிறது என்றார் எலெனி.

“ஒவ்வொருவருடைய பெயரையும் கல்லில் வெட்டி இங்கே நட்டிருந்தார்கள்” என்றார்.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திச் செத்தவனுக்குப் பெயர் இருந்திருக்கிறது. கலியாண வீட்டில் நான் கேள்விப்பட்ட செத்தவனுக்குப் பெயர் இல்லை. மற்றவர்கள் மேட்டைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். நான் பஸ்ஸின் நிழலில் நின்று, அது வேறு யாராவது பெற்ற பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படி வேண்டுவது பாவம் என்று தெரிந்துதான் வேண்டினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையோரச் சாப்பாட்டுக் கடை. பொரித்த மீன், தக்காளி, வெள்ளைச் சீஸ். மீனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். மார்கிரெட் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இரண்டரை மணி, பெராமா. நகரைக் கடந்து மேற்கே வந்தால், கப்பல் திருத்துகிற பட்டறைகளும் துருவும் எண்ணெய் மணமுமான கரை. தீவு எதிரே தெரிகிறது, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் இராது. ஃபெரிக்குக் கால்மணி நேரம். ஏறுமுன் எலெனி எல்லோரையும் நிறுத்தினார்.

“கமெராக்களை மூடிவையுங்கள். இது கடற்படைப் பகுதி. படம் எடுத்தால் பிடித்துப்போவார்கள், எனக்கும் வேலை போகும்.”

மேல்தட்டில் இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எலெனி மலையைக் காட்டி, பாரசீக அரசன் அங்கே சிம்மாசனம் போட்டிருந்து தன் கப்பல்கள் தாழ்வதைப் பார்த்தான் என்றார். நீந்தத் தெரிந்த கிரேக்கர் கரையேறினார்கள், நீந்தத் தெரியாத பாரசீகர் இந்தத் தண்ணீரிலேயே போனார்கள் என்றார். ஜெயம் நன்றாக நீந்துவான் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். நிறுத்திவைத்த கப்பல்கள் வந்தன. துருப்பிடித்த பெரிய பெரிய இரும்புச் சுவர்கள், ஆள் நடமாட்டமே இல்லை. ஐந்து கப்பல்களை எண்ணினேன். மூன்றாவதில் பச்சைப் புகைபோக்கி, இரண்டு வளையம். பின்தட்டின் கம்பியில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். கட்டம் போட்ட சாரம், எங்கள் ஆண்கள் வீட்டில் இடுப்பில் கட்டுவது. உலகத்தில் எந்தக் கிரேக்கன் சாரம் கட்டுவான்? எங்கள் ஆள் ஒருவன் அதில் உயிரோடு இருக்கிறான். ஆனால் மூன்று காவல்காரரில் மற்ற இருவர் எந்த நாட்டவர் என்று எனக்குத் தெரியாதே.

“மேடம், பாஸ்போர்ட்.”

பின்னால் வெள்ளைச் சீருடையில் துறைமுகப் பொலிஸ் ஒருவன். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கைப்பையின் சிப் திறபடவில்லை, அவனே பிடித்து உதவினான். கனேடியப் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். பிறந்த இடத்தில் விரலை வைத்தான்.

“சிறீலங்கா. இந்தக் கப்பல்களில் சிறீலங்காக்காரர் இருக்கிறார்கள். உனக்கு யாரையும் தெரியுமா?”

“இல்லை. நான் ரூறிஸ்ற்.”

“ஏன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?”

“சண்டை நடந்த இடம் என்று சொன்னார்கள்.”

அப்போதுதான் கப்பலின் கதவொன்று திறந்தது. மெலிந்து, தாடி வளர்த்த ஒருவன் வாளியோடு வெளியே வந்தான். தண்ணீரை ஊற்றப்போனவன் ஃபெரியைப் பார்த்து அப்படியே நின்றான். வலது தோள் சற்று இறங்கியிருந்தது. சின்ன வயதில் மாமரத்தால் விழுந்து முறித்த தோள். வாளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். துள்ளித் துள்ளி ஆட்டினான். ஏதோ கத்தினான், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை.

பொலிஸ்காரன் அவனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“உனக்குத்தான் கை காட்டுகிறான்.”

“எல்லோருக்கும் காட்டுகிறானாக்கும். எனக்கு ஆளைத் தெரியாது.”

என் குரல்தான் சொன்னது. ஒரு கையை மற்றக் கையால் முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூக்கினால், இன்றைக்கே அந்தக் கப்பலில் ஏறுவார்கள். நாளைக்குக் கொழும்பு. ஃபெரி போய்க்கொண்டே இருந்தது. அவன் கம்பியோரமாகக் கூடவே ஓடிவந்து, கப்பல் முடிகிற இடத்தில் நின்றுவிட்டான். கைகள் மெல்லக் கீழே வந்தன. உயிரோடு இருக்கிறானே என்ற சந்தோசம் எனக்கு வரவே இல்லை. பயம் அதற்கு இடம் விடவில்லை.

பாஸ்போர்ட்டை நீட்டி, “நல்ல பயணமாக அமையட்டும்” என்றான் பொலிஸ்காரன்.

தீவில் சலாமிஸ் வீரர்களின் மேட்டைக் காட்டினார்கள். நான் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஒரு கல்லில் இருந்து அழுதேன். மார்கிரெட் தண்ணீர் தந்து, “இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாகிவிட்டது, கண்ணே” என்று முதுகைத் தடவினார்.

ஐந்தரை மணிக்குத் திரும்புகிற ஃபெரி. இம்முறை பொலிஸ் இல்லை, எல்லாத் தட்டிலும் தேடிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். மூன்றாவது கப்பல் வந்ததும் முந்தானையை உதறிப் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டினேன். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பார்க்கட்டும். பின்தட்டில் ஒருவரும் இல்லை. வாளி மட்டும் சரிந்து கிடந்தது. தோள் நோகும்வரை ஆட்டினேன்.

திங்கட்கிழமை ரொறன்ரோ வந்து இறங்கினேன். கண்டீரா என்று கணவர் கேட்டார். கண்டனான், உயிரோடை இருக்கிறான் என்றேன். மிச்சத்தைச் சொல்ல இரண்டு நாள் பிடித்தது.

எங்கள் கட்டிடத்துக்கு எதிர்க் கட்டிடத்தில், ஏழாம் மாடி பல்கனியில் ஒரு கிழவர் இருக்கிறார். என்ன நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாது. காலையில் தேநீரோடு வந்து நின்று எனக்குக் கை காட்டுவார், நானும் காட்டுவேன். இந்த ஊரில் அதற்கு ஒரு காரணமும் வேண்டாம், யாரும் வந்து பாஸ்போர்ட் கேட்பதில்லை. திரும்பி வந்த கிழமை அவர் கை காட்டினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நவம்பரில் ஜெயத்தின் கடிதம் வந்தது. கரைக்கு இறங்கப் பயந்து இவ்வளவு நாளும் கடிதம் போடவில்லையாம். செத்தது வேறு கப்பல் பெடியனாம், பெயரும் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் இது இருந்தது:

“அக்கா, ஒரு நாள் ஃபெரியிலை ஒரு பொம்பிளை சிவப்புச் சீலையோடை நிண்டவ. அச்சொட்டா நீங்கள்தான். நான் விசரன் மாதிரி ரெண்டு கையையும் ஆட்டிக் கத்தினன். அவ ஒரு பொலிஸ்காரனோடை கதைச்சுக்கொண்டு சும்மா பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகுதான் எனக்கு விளங்கினது. நீங்களெண்டால் கை காட்டாமல் நிப்பீங்களே? அதை நினைச்சுச் சிரிச்சுக்கொண்டே படுத்திட்டன்.”

கணவர் வாசித்துவிட்டு, “எழுதும், அது நீர்தான் எண்டு. ஏன் காட்டேல்லை எண்டதையும் எழுதும். அவனுக்கு விளங்கும்” என்றார்.

மூன்று நாள் பேனையோடு இருந்தேன். அந்தப் பொலிஸ்காரனுக்குப் பயந்ததைவிட இப்போது தம்பிக்கு அதிகம் பயந்தேன். நாலாம் நாள், உடம்பைப் பார்த்துக்கொள், தாடியை எடு என்றெல்லாம் எழுதிவிட்டு, அடியில் இப்படி முடித்தேன்: “ஓம் தம்பி, அது ஆரோ. நான் கனடாவை விட்டு எங்கை போனனான்?”

அவனுக்குத் தாடி இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்பது, கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.