அன்றைய முடிவு விலை

பால் வாங்கப் போகிறேன் என்று காலையில் சைக்கிளில் கிளம்பிய என் மாமனார், நேராகப் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். சுரங்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் குடியிருந்த வீடு அது. ரிட்டயர் ஆனதும் காலி செய்து கொடுத்துவிட்டு, இப்போது வேறு பிளாக்கில் எங்களோடு இருக்கிறார். என் கணவருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. மாமனார் அங்கே கேட்டைத் திறந்து, செருப்பை ஓரமாகக் கழற்றி, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். அங்கே இப்போது குடியிருக்கும் பெண் தங்கமானவள். காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குப் போன் செய்தாள்.

டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி, யாருக்குத்தான் தடுமாறாது என்று சொல்லிப் பார்த்தோம். அவர் நம்பவில்லை. நாங்களும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் சுருங்கிப் போனார். எதைச் சொன்னாலும் கடைசியில், சரிதானே அம்மிணி என்று என் முகத்தைப் பார்ப்பார். அவர் ஈரோட்டுப் பக்கம், நான் கம்மாபுரம். நான் "பேசிக்கினு" "போயிக்கினு" என்றால் அதை அப்படியே திருப்பிச் சொல்லி என்னைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதையும் விட்டுவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் கோபம் வரும். எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நான் கத்திப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

நான் வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் புதிதாக ஒன்று கொடுத்திருந்தார்கள். பங்குகளின் பழைய விலைகளை இணையத்திலிருந்து எடுத்து அட்டவணையாக்க வேண்டும். இதற்கென்றே யாரோ புண்ணியவான் எழுதி வைத்த லைப்ரரி ஒன்று இருக்கிறது. புத்தகம் அடுக்கிய லைப்ரரி இல்லை, நம் வேலையைக் குறைக்க ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. பங்கின் பெயரையும் தேதியையும் கொடுத்தால் நாளுக்கு ஒரு வரியாக விலை வந்து விழும். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எவ்வளவு பழசு வரைக்கும் காட்டும் என்று கேட்டார். சொன்னேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், எங்கள் கல்யாணம் ஆன மறுவருடமே காலமாகிவிட்டார். அவர் தையல் காசில் ஒரு சிமென்ட் கம்பெனிப் பங்கு வாங்கியிருக்கிறார், மகன் காலேஜில் சேர்ந்த வருடம், அவன் பிறந்த நாளன்று. சந்தை மூடும்போதிருந்த அன்றைய முடிவு விலையை மறுநாள் பேப்பரில் பார்த்து, மாமா சமையலறை வாசலில் நின்று வாசித்தாராம்.

"நூத்தி நாப்பத்தேழு ரூவா அறுவது பைசா. கையில கரண்டியோட வெளிய வந்து, இன்னொருக்கா படிங்கன்னா உங்கத்தை."

என் கணவரின் பிறந்த நாள் எனக்குத் தெரியாதா? தேதியைப் போட்டுத் தட்டினேன். நூற்றுப் பதினெட்டும் சில்லறையும் என்று வந்தது. திரையை மறைக்க நினைப்பதற்குள் அவர் படித்துவிட்டார்.

"அதுவும் போயிருச்சா அம்மிணி?"

எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. வேலையற்றுப் போய் அதை எதற்குத் தட்டினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த விலையோடு சேர்ந்துதான் அத்தையின் முகமும் அவருக்குள் இருந்திருக்கிறது. ஒன்று தப்பென்றால் மற்றதையும் அவர் எப்படி நம்புவார்?

மறுநாள் கணவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போனதும் மறுபடி உட்கார்ந்தேன். அந்த நூற்றுப் பதினெட்டின் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். முந்தின நாள், அடுத்த நாள், முந்தின வருடம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. பிறகுதான் அந்த லைப்ரரியின் விளக்கக் குறிப்பை ஒழுங்காகப் படித்தேன். பங்குக்காரர்களுக்குக் கம்பெனி இடையில் லாபத்தில் ஒரு பங்கை டிவிடெண்டாகக் கொடுத்திருந்தால், அதற்கு ஏற்றபடி பழைய விலைகளையெல்லாம் அது குறைத்துக் காட்டுமாம். அன்றைக்கும் இன்றைக்கும் சரியாக ஒப்பிட வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நாமாக வேண்டாம் என்று சொன்னால்தான் அன்றைக்கு விற்ற அசல் விலையைத் தரும். அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். வேண்டாம் என்று ஒரு சொல் சேர்த்து ஓடவிட்டேன். நூற்று நாற்பத்தேழு ரூபாய் அறுபது பைசா.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்பக்கம் பலா மரத்தடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு சந்தேகமாக என்னைப் பார்த்தார்.

"எனக்காவ நீயே அடிச்சுப் போட்டதில்லையே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நீங்களே தட்டுங்க மாமா என்றேன். ஒற்றை விரலால் தட்டினார். அதே விலை வந்தது. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டிருக்குதுன்னு எனக்குந் தெரியும் அம்மிணி. எல்லாமே போயிருச்சுன்னுதான் பயந்துட்டன். நாளைக்கு டாக்டருகிட்டப் போலாம்."

துண்டைக் கொடியில் போட எழுந்தவர் இன்னொன்றும் சொன்னார்.

"நாஞ் சொல்றது தப்புன்னு பட்டா, தப்புன்னு சொல்றதுக்கு முன்னால இப்பிடி ஒருக்கா தேடிப் பாரு."

கட்டாயம் மாமா என்றேன்.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். இந்த மறதி நிற்காது, வேகத்தை வேண்டுமானால் குறைக்கப் பார்க்கலாம் என்றார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வருகிற வழியில் எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்.

அவருக்குக் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறேன். என் கணவர் டக்கென்று இல்லப்பா என்று சொல்லிவிடுவார், அதற்கு நான் அவரோடு சண்டை போடுவேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பார் மாமா, நான் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வியாழன் என்பேன். சில நாள் அவர் சொன்னதே சரியாக இருக்கும், தப்பு என்னுடையதாக இருக்கும். அன்றைக்கெல்லாம் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் சலவை வேட்டி கட்டித் தலைவாரி வாசலில் வந்து நின்றார். ஈரோட்டு பஸ்ஸில் அத்தை வருகிறாளாம், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிவர வேண்டுமாம். நான் போனை எடுத்தேன். எதைத் தேடுவது என்று தெரியாமல் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"பஸ்ஸு இன்னும் வர்லீங்க மாமா," என்றேன்.

சரி என்று படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.