கடைசியாகப் படிக்கிற ரஞ்சிதம் டீச்சர்

ரஞ்சிதம் டீச்சர் போய்விட்டாராம். காலையில் எங்கள் கவியரங்க வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்ததை என் பேத்திதான் படித்துக் காட்டினாள்... கூடப் போட்டிருந்த போட்டோவிலும் மேடையில் போர்த்திய சால்வையோடுதான் இருக்கிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலங்கைமான் பக்கத்துக்காரர், ஸ்கூல் டீச்சராக இருந்து ரிடயர் ஆனவர். தஞ்சாவூரைச் சுற்றி எந்த ஊரில் கவியரங்கம் என்றாலும் நோட்டீஸில் கவிஞர் ரஞ்சிதம் என்று பெயர் இருக்கும். என் பெயரும் இருக்கும்... அவருக்கு மேலே.

மேலே என்றால் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். கவியரங்கத்தில் கடைசியாகப் படிப்பவர்தான் பெரிய ஆள். யாருக்காகக் கூட்டம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்குமோ அவரைத்தான் கடைசியில் வைப்பார்கள்.

எனக்கு முன்னால் எத்தனையோ பேர் படிப்பார்கள். எனக்குப் பின்னால் எப்போதும் அவர் ஒருவர்தான்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஊர் திருக்காட்டுப்பள்ளி. வயலில் நிற்கும்போதே வாயால் கட்டி மனசில் வைத்துக்கொள்வேன், மேடையில் தாள் இல்லாமல் சொல்வேன். கை தட்டுவார்கள். அப்புறம் அவர் எழுந்து வருவார்...

கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையில் துடைப்பார். மறுபடி மாட்டுவார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார், ஹால் மொத்தமும் அடங்கிவிடும். எனக்கு வயிறு எரியும்.

ஒரு முறை நானும் செய்து பார்த்தேன். அப்போது எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மைக் முன்னால் நின்று துடைத்து மாட்டினால்... முன்வரிசை முகமெல்லாம் பூசணிக்காய் மாதிரி ஊதித் தெரிகிறது. தலை சுற்றி அடுத்த வரி மறந்தே போனது. மேடையில் எனக்கு வரி மறந்தது அந்த ஒரு தடவைதான்.

இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறினேன். கையைப் பிடித்தவர் டீச்சர்.

"உங்களுக்கு எதுக்கு தனம் இதெல்லாம்? நீங்க கண்ண மூடிக்கிட்டு நின்னாலே கேப்பாங்களே" என்றார்.

பாராட்டா, குத்தலா... இன்றுவரை தெரியவில்லை. குத்தல் என்றே வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த அறுவடைச் சமயம். வழி நெடுக ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள், டீச்சர் வந்த பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறது. கூட்டம் நடத்துகிற கோவிந்தராஜ் என்னிடம் வந்து, "தனம்மா, டீச்சர் வர்ற மாதிரி தெரியல. இன்னைக்கு நீங்கதான் கடைசி" என்றார்.

உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "இன்னைக்கு நான்தான் கடைசி" என்றேன். "அப்ப பஸ் இருக்குமா?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்.

தலைவர் என் பெயரைச் சொல்ல வாயெடுக்கிறார்... வாசலில் டீச்சர். புடவை எல்லாம் நெல் தூசி. கோவிந்தராஜ் ஓடி வந்து என் காதில், "சுருக்கமா முடிச்சுட்டு வந்துருங்கம்மா, டீச்சர் வந்துட்டாங்க" என்றார்.

முடித்தேன். வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு டீச்சர் படித்ததுதான் அந்தக் கவிதை.

கடைசி வயலுக்கு வந்த தண்ணீரில்
வழியெல்லாம் நின்றவர்கள் முகம்...

முதல் வரியை இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூச்சு விடவில்லை. அந்த வரி எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்... ஆற்றங்கரையில் இருப்பவள் நான்.

டிபன் சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "எப்பவும் கடைசி உங்களுக்குத்தானா டீச்சர்?"

இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்தார். "ஆத்துல தண்ணி விட்டா மொதல்ல உங்க ஊருக்குத்தான் வருது. எங்களுக்குக் கடைசியாத்தான் வருது. அதுக்கு நாங்க என்னைக்காவது சண்டைக்கு வந்தோமா தனம்?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்னி வாங்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

இன்று மத்தியானம் கோவிந்தராஜ் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கு அஞ்சலிக் கவியரங்கமாம். "கடைசியா நீங்கதாம்மா" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன்... ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னுடையதில் எதைச் சொல்லலாம் என்று மனசு தேடவே ஆரம்பித்துவிட்டது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. "டீச்சரோட அந்தத் தண்ணிக் கவிதையச் சொல்லுங்க. எழுதி வச்ச தாளும் கிடைக்கல, ரெக்கார்டிங் எதுவும் சரியா இல்ல. அது முழுசும் உங்களுக்கு மனப்பாடம்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப என் கவிதை?"

"அத மொதல்ல வச்சுக்கலாம்மா."

முதலில். எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிற மாதிரி.

பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கவிதை ஒரு சொல் குறையாமல் உள்ளே கிடக்கிறது... மறக்கத் தெரிந்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

இப்போது எனக்கும் கண்ணாடி. நிஜமான கண்ணாடி, கண் ஆபரேஷன் பண்ணிப் போட்டது.

போய் வாருங்கள் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கடைசியில் உங்களுடையதையே சொல்கிறேன். முதல் வரியை இரண்டு தடவை சொல்கிறேன்.

கண்ணாடியை மட்டும் துடைக்க மாட்டேன்.