பட்டத்துக்கு முந்திய டொக்டர்

அலவத்துகொடையில் ஒரு வழக்கம் உண்டு. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்கும் என்று தெரிந்தால் போதும், அன்று அஸர் தொழுகைக்கே அவன் டொக்டர். முஸ்அபுக்கும் அதுதான் நடந்தது. ஒரு ஊசியைக்கூடக் கையில் பிடிக்காதவனை ஊர் கூடி டொக்டர் ஆக்கிவிட்டது. ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த வாப்பா ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆணி வாங்க வந்தவர்களிடமும் மகனைப் பற்றித்தான் பேச்சு.

பேராதனை மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது வார்ட்டில் அவனை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பேராசிரியர் கேள்வி கேட்டால் "தெரியாது, சேர்" என்பான். அங்கே லேசாக வந்த அந்த வார்த்தை, வார இறுதியில் பஸ் ஏறி ஊருக்கு வந்தால் வாயில் வராது. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வரும்?

ஒரு சனிக்கிழமை, லுஹர் தொழுத கையோடு, பக்கத்துப் பலசரக்குக் கடை முஹைதீனை வாப்பா வீட்டுக்குக் கூட்டிவந்தார். காலையிலிருந்து நெஞ்சு எரிகிறதாம், இடது தோளும் உளைகிறதாம். உடனே கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முஸ்அபின் மனம் அடித்துக்கொண்டது. வாப்பாவோ பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மகன் ஒரு நோயின் பெயரைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"கேஸ்ட்ரைட்டிஸ் மாதிரித்தான் ஈக்கிது, மாமா" என்றான். சொன்ன வாயை இன்றுவரை அவன் மன்னிக்கவில்லை.

முஹைதீன் மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை.

மையித்து வீட்டில் யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "டொக்டரே பாத்தும் ஏலாமப் போச்சு, அல்லாஹ்ட நாட்டம்" என்று அவனைக் காட்டியே ஆறுதல் தேடினார்கள்.

பட்டம் கிடைத்தது. பயிற்சி டொக்டராக வார்ட்டில் நின்றான். டொக்டர் என்று கூப்பிட்டால் திரும்ப இப்போது அவனுக்கு உரிமை உண்டு. ஆனாலும் கூப்பிடும்போதெல்லாம் முஹைதீனின் முகம்தான் முதலில் வரும். அந்த வருடம் லீவில் வந்திருந்தபோது, முஹைதீனின் மனைவி அஸீமா மாமி இரத்தத்தில் கூடிய சீனி வருத்தத்துக்கு மருந்து கேட்டு வந்தார். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

"மாமி, அண்டைக்கு மாமாவுக்கு வந்தது கேஸ்ட்ரைட்டிஸ் இல்ல. எனக்குத் தெரியாம ஈந்திச்சு. தெரியாதுன்னு நான் செல்லல்ல."

மாமி அழுவார், சாபம் போடுவார் என்று காத்திருந்தான். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"படிச்சிக்கிட்டிருந்த புள்ளைக்கு என்ன தெரியும், மகன்? அது ஒங்கட மாமாவுக்கும் தெரியும். ராவு நோவு கூடிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் கெஞ்சினேன். ஹாஜியார்ட மகன் பாத்த பொறகு வேற டொக்டர்ட போனா அவர்ட மனசு நோகும், விடியட்டும்னு செல்லிட்டுப் படுத்தார்."