நான்காம் பக்கத்து டிக்

என் அத்தைக்கு ஆபீஸில் ஒரு பெயர், எங்கள் குடியிருப்பில் ஒரு பெயர். ஆபீஸில் அவள் சமூக இணைப்பாளர். எங்களிடம் பேப்பரக்கா.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஆய்வு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். எங்கள் ஜனங்களின் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கும் எங்கள் ஜனங்களுக்கும் நடுவில் நிற்பதுதான் அவள் வேலை. இந்த நிலத்தில் முதலில் வாழ்ந்தவர்கள் நாங்கள்தான் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பஸ் எங்களிடம் கடைசியாகத்தான் வரும், அதுவும் பாதி வழிதான். அதற்குமேல் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும்.

ஆபீஸில் அவள் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். வெயில் காலத்தில் அந்த மெஷின் இன்னொரு அடுப்பு. மதியம் மற்றவர்கள் உள்ளறையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அத்தை தன் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பாள். வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. சாயங்காலம் வாடகை அறைக்குப் போவாள். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், எதிர்வீட்டு டிவியின் சத்தம். "என் வீட்ல டிவி வாங்க வேண்டியதே இல்ல. சீரியல் கதை பூரா தெரியும், மூஞ்சிதான் ஒண்ணும் தெரியாது" என்பாள்.

குடியிருப்புக்கு வந்தால் அங்கேயும் அவள் பாதி வெளியாள்தான். குழாயடியில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் அவளைப் பார்த்ததும், "பேப்பரக்கா வர்றா, கட்டைவிரலை ஒளிச்சு வைங்கடி" என்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். அவள் தாண்டிப் போகும்வரை விட்ட பேச்சை அவர்கள் தொடர மாட்டார்கள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் படிவத்துக்கும் அதே நாளில் கைரேகை வாங்க மாட்டாள். முழுவதையும் எங்கள் பேச்சில் படித்துச் சொல்வாள். பிறகு படிவத்தை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துகொள்வாள். "மூணு நாள் கழிச்சு வர்றேன். வேணாம்னு தோணினா வேணாம்னே சொல்லுங்க. என் மூஞ்சியப் பார்த்து ஒத்துக்காதீங்க." இதனால் வேலை தாமதமாகிறது என்று ஆபீஸில் பலமுறை கடிந்துகொண்டார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை கவனமாக இருந்தவள்தான் அந்தத் தவறைச் செய்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று அவளிடமும் என் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன்.

நான்கு வருஷங்களுக்கு முன்னால் குழந்தைகளின் மூச்சிரைப்பு பற்றி ஒரு ஆய்வு நடந்தது. நாற்பத்து மூன்று குடும்பங்கள். குழந்தைக்கு ஒரு சிறு குழாய் ரத்தம். படிவம் எட்டுப் பக்கம். நான்காம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ரத்தத்தை இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. மிச்சமிருப்பதை வைத்திருந்து பின்னால் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்பது இன்னொன்று. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

முதலில் கொண்டுபோன படிவங்களில் பலர் இரண்டையும் விட்டுவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால் ஆபீஸில் மஞ்சள் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு கட்டத்துக்காக மறுபடி பஸ், மறுபடி நாற்பது நிமிஷம். அது மழைக்காலம் வேறு. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது, அத்தை எல்லா வீட்டுக்கும் வெற்றுப் படிவங்களைப் புதிதாக ஜெராக்ஸ் எடுத்து, தன் அறையில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்றிலும் நான்காம் பக்கத்தில் தானே டிக் போட்டுவிட்டாள். பயிற்சியில் கொடுத்த மாதிரிப் படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் டிக் இருந்தது. அவளும் அதிலேயே போட்டாள். வீடுகளில் படிக்கும்போது, "இது ஆபீஸ் பக்கம்" என்று சொல்லி அந்தத் தாளைப் புரட்டிவிட்டாள். மற்ற ஏழு பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

நாற்பத்து மூன்றில் ஒன்று எங்கள் வீடு. குழந்தை என் தம்பி. அடுத்த வருஷம் அவன் இறந்துபோனான். மூச்சிரைப்புதான். ஆய்வால் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். நல்லவர், அவசரக்காரர். பரம்பரையாக வரும் நோய்களைப் பற்றி ஆராய அந்தப் பழைய ரத்தத்தை எடுத்துக்கொள்ளத் திட்டம் போட்டிருந்தார். ஒரு நாள் அத்தையின் மேசைக்கே வந்து பாராட்டினார்.

"நாற்பத்து மூணு வீட்லயும் சம்மதம் இருக்கு. ஒருத்தர்கூட மறுக்கல. உங்க மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க."

அத்தை கோப்புகளைக் கேட்டு வாங்கினாள். நான்காம் பக்கத்தை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். டிக்கின் வால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நீண்டு, கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. மூன்று வருஷத்துக்கு மேலாக யாரும் அதைப் பார்க்கவில்லை. இனியும் பார்க்கப்போவதில்லை. அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னாள்.

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "வேற யாருக்காவது தெரியுமா?"

"இப்ப உங்களுக்குத் தெரியும்."

"திரும்பப் போய் வாங்கிடலாமே. பழைய தேதியப் போட்டு…" அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதுல ஒரு குழந்தை இப்ப இல்லீங்க. என் அண்ணன் பையன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நெறிமுறைக் குழுவுக்கு எழுதணும். எழுதினா இந்த வேலைல உங்கள வச்சிருக்க மாட்டாங்க. ஆபீஸை விட்டே அனுப்பினாலும் அனுப்பலாம்."

"தெரியும்."

"எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

ஆய்வுகள் முறையாக நடக்கின்றனவா என்று பார்க்கும் அந்தக் குழு, ரத்தத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடந்ததைச் சொல்லி, என்ன செய்வது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னது. கடிதம் அனுப்பிவிடலாம் என்றார் ஆபீஸ் மேனேஜர். "அனுப்பலாம். படிச்சுக் காட்ட என்னத்தான் கூப்பிடுவாங்க" என்றாள் அத்தை. டாக்டரம்மா கூட வருகிறேன் என்றார். "வேணாங்க. நீங்க வந்தா உங்களுக்காகச் சிரிச்சு வைப்பாங்க."

தனியாகத்தான் வந்தாள்.

முதலில் கொத்தனார் வீடு. அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு டிக்குக்கா இவ்வளவு தூரம் நடந்தே? நீ வந்தாலே விரல நீட்டறதுதானே எங்க பழக்கம். படிக்கறதெல்லாம் உன் ஆசைக்குன்னு நினைச்சோம்." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள் அத்தை. அடுத்த வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். அதற்கடுத்த வீட்டில், "சரி" என்ற ஒரே சொல்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன். அத்தை உட்காரவில்லை. முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்போல எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப அவன் ரத்தம் இன்னும் இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"எங்க?"

"ஆபீஸ்ல. கீழ்த்தளத்துல, குளிர்பெட்டிக்குள்ள."

"மூணு நாள் யோசிக்க டைம் குடுப்பியே, அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் குடுக்கல?"

"அது முக்கியமில்லன்னு நினைச்சேன்."

"நீ நினைச்சே." அம்மா ஒரு சட்டையை உதறினாள். "என் புள்ள குளிர்ல கெடந்திருக்கான். அதே கட்டடத்துல மேல உக்காந்து நீ டீ குடிச்சுட்டு இருந்திருக்க."

அம்மா சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"கொண்டு வந்து குடு" என்றாள் அம்மா.

கேட்பது சுலபம். எடுத்துக்கொள்ள எட்டுப் பக்கப் படிவம் வைத்திருந்த அலுவலகத்தில், திருப்பிக் கொடுக்க ஒரு பக்கம்கூட இல்லை. அப்படி யாரும் கேட்டதே இல்லையாம். அத்தையும் டாக்டரம்மாவும் ஏழு வாரம் அலைந்தார்கள். ஆய்வகத்தில் விதி இல்லை என்றார்கள். கழிவுப் பிரிவில் இது கழிவு இல்லை என்றார்கள். கடைசியில் அத்தையே ஒரு பக்கத்தில் படிவம் எழுதி, குழுவிடம் ஒப்புதல் வாங்கினாள். அம்மா அதை ஒன்பது நாள் அலமாரியில் வைத்திருந்துவிட்டுத்தான் விரலை வைத்தாள்.

அத்தை அந்தச் சின்னக் குழாயை ஐஸ்பெட்டியில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர், "ஐஸ்கிரீமாம்மா? உருகிடப் போகுது" என்றாராம். "இல்லீங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நாற்பது நிமிஷ நடையில் ஒரு தடவைகூடப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். அதை என்ன செய்தாள் என்று நான் எழுத மாட்டேன். அது எங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியது.

உள்ளே போய்க்கொண்டே, "கதவச் சாத்து" என்றாள் என்னிடம். சாத்தினேன். இடுக்கு வழியாக அத்தை காலால் தேடிச் செருப்பை மாட்டிக்கொள்வது தெரிந்தது. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

இப்போது அத்தைக்குக் கோப்பறையில் வேலை. ஜன்னல் கிடையாது. ஜெராக்ஸ் மெஷினும் இல்லாததால் இன்னும் அமைதி. வீடுகளுக்குப் போக எங்கள் ஜனங்களே வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள், தையல்காரர் மனைவியை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. போன் செய்வாள். அம்மா எடுத்து, யாரென்று பார்த்து, என்னிடம் நீட்டுவாள்.

போன மாதம் டாக்டரம்மாவின் ஆய்வு, குடும்பங்களிடம் புதிதாக ரத்தம் கேட்டு, முதலிலிருந்து தொடங்கியது. புதுப் படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கின்றன. தையல்காரர் மனைவி வந்து அம்மாவுக்கு முழுவதையும் படித்தாள், விட்டுவிட்டுப் போனாள், மூன்று நாள் கழித்து வந்தாள். அம்மா வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வாரம் அத்தை போன் செய்தாள்.

"உங்க வீட்டுக் கோப்பு வந்துச்சு. மறுப்புன்னு எழுதி வச்சுட்டேன். இந்த ஆபீஸ்ல முதல் மறுப்பு அதுதான். இதுவரைக்கும் அந்தக் கட்டுக்குன்னு ஒரு அலமாரியே இல்ல."

"இப்ப எங்க வச்சீங்க?"

"என் மேசை மேல."

கொஞ்ச நேரம் எதிர்வீட்டு டிவி எனக்கும் கேட்டது.

"அம்மா வேற ஏதாவது சொன்னாளா?"

அம்மா எதிரில்தான் இருந்தாள், குடத்தைக் கழுவிக்கொண்டு. நான் அவளைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"சரி" என்றாள். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.