கொலுவில் ஒரு கலங்கரை விளக்கம்

சூடான கம்பி தெர்மாகோலுக்குள் இறங்கும்போது எழும் புகையோடு எங்களுக்கு மட்டும் இன்னொரு வாடையும் வந்தது. சங்கரா மீனின் வாடை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்காக நானும் ஸ்டெல்லாவும் செய்த கலங்கரை விளக்கத்தின் உடம்பு, அவளுடைய அப்பா காசிமேட்டிலிருந்து தூக்கிவந்த மீன் பெட்டி. சோப்புப் போட்டுக் கழுவி, நொச்சிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக் கூரைமேல் காயவைத்து, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த பிறகும், மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும்.

மாடல் அசையவும் வேண்டும், எரியவும் வேண்டும் என்பது மிஸ் போட்ட நிபந்தனை. பொம்மைக் காரின் மோட்டார், ரப்பர் பேண்ட், பேட்டரி, டார்ச் பல்பு, பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு துளை வெட்டிய தகர டப்பா என்று நான் வரிசையாகச் சேர்த்தேன். பல்பைச் சுழற்றினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். ஆகவே பல்பை நடுவில் நிறுத்திவிட்டு, டப்பாவை அதைச் சுற்றி ஓடவிட்டோம். ஒளிக்கோடு முதன்முதலாக எங்கள் வீட்டுச் சுவர்களைச் சுற்றி வந்தபோது ஸ்டெல்லா கைதட்டவில்லை. "நைனா பாக்கணும்டி" என்றாள்.

அவள் அப்பா ஆழ்கடல் படகில் போகிறவர். போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். காலாண்டு விடுமுறையில் மாடல் முதலில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கொலுவில் இருக்கட்டும், சரஸ்வதி பூஜையன்று காலை அவள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசிவைத்திருந்தோம். அன்று மாலைதான் அவர் படகு கிளம்புகிறது.

அவள் வருவதற்குள் அம்மா பூஜையை முடித்திருந்தாள். என் பாடப் புத்தகங்கள், வீணை, அப்பாவின் லேப்டாப் ஆகியவற்றின் நடுவே, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, மீன் பெட்டிக் கோபுரம் நின்றது. படிப்புக்கானதாயிற்றே என்று அம்மாவே பக்தியோடு தூக்கி வைத்திருந்தாள்.

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடப்படாதுடிம்மா. நாளைக்குக் கார்த்தால எடுத்துண்டு போ" என்றாள் ஸ்டெல்லாவிடம், சுண்டலை நீட்டியபடி.

"நைனா சாய்ங்காலம் போட்டுக்குப் போவுது, ஆன்ட்டி."

"வந்தப்பறம் பார்க்கட்டுமே. எங்கே போயிடப்போறது?"

விடுமுறை முடிந்ததும் மாடல் பள்ளிக்குப் போய்விடும் என்று நானாவது சொல்லியிருக்கலாம். அதைவிட வேகமான வாக்கியம் ஒன்றும் என்னிடம் இருந்தது: அது மீன் பெட்டி, அம்மா. சொல்லியிருந்தால் மறுநிமிடமே கோபுரம் வாசலுக்கு வந்திருக்கும். பின்னாலேயே வீடு முழுக்கக் கழுவப்பட்டிருக்கும், எனக்கு வாழ்நாளுக்கும் போதுமான வசவு கிடைத்திருக்கும். ஸ்டெல்லாவுக்கும் அந்த வாக்கியம் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கொலுப்படியைப் பார்த்தேன். "சரி ஆன்ட்டி" என்று சொல்லி, சுண்டல் பொட்டலத்தோடு வெயிலில் இறங்கிப் போனாள்.

அவர் கரை திரும்பும் முன்பே மாடல் பள்ளியின் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "மோட்டார் ஓடல, லைட்டும் எரியலன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது? உங்க வூட்ல குடுக்கலன்னா சொல்ல முடியும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு எப்போதும்போல என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அந்த அலமாரி இப்போது இல்லை. ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது உள்ளிருந்ததையெல்லாம் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். குப்பத்தில் அவர்கள் வீடிருந்த வரிசையும் போய்விட்டது. குடும்பம் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில், கடல் கண்ணில் படாத ஒரு மாடியில் இருக்கிறது. நான் மோட்டார்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் அங்கே போனபோதும் ஸ்டெல்லாவின் அப்பா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"இன்னாம்மா இன்ஜினியரு, அந்த லைட் ஹவுஸு கடைசி வரிக்கும் எரியவே இல்லியா?"

உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கை நின்றது.

"எரியல அங்கிள்" என்றேன்.