இடது பக்கம் இழுத்த லாரி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மதுரை செல்லூரில், இப்போதும் நாங்கள் குடியிருக்கும் அதே வாடகை வீட்டின் முன்னறையில்தான் நடந்தது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வெங்காயம், சிமென்ட் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு வடநாடு வரை போய் வந்துகொண்டிருந்த மனிதர், ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கால் மெல்ல மெல்ல வந்துவிட்டது. பேச்சு குழறியது. வலது கை மட்டும் வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுத்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, கை திரும்ப வரணும்னா இந்த மாசங்கள்லதான் வரும். இப்ப விட்டுட்டோம்னா அப்படியே இறுகிப்போயிரும். எப்படியாச்சும் அண்ணன அசைக்க வைங்க."

அசைந்தால்தானே! ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் பந்தைத் தள்ளிவிடுவார். கிண்ணத்தில் கொண்டைக்கடலையைப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "நான் என்ன... பால்வாடிப் பிள்ளையா?" என்று ஒருமுறை குழறிச் சொன்னார். அதுவே அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு. யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். நான் வாயாடி, பொறுமை கிடையாது. கெஞ்சினேன், திட்டினேன், குலசாமி பேரில் சத்தியம் கேட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. எனக்கு ஒரே பயம்தான். கை போனதுகூட இல்லை, மனுசனே உள்ளுக்குள் போய்விட்டாரோ என்று.

"அண்ணனுக்குப் பிடிச்ச வேலையா ஏதாச்சும் குடுங்கக்கா" என்றாள் பிசியோ பெண். அவருக்குப் பிடித்தது ஸ்டீயரிங் ஒன்றுதான். இதைக் கேட்ட என் தம்பி, கோயம்புத்தூரில் யாரோ கழித்துப்போட்ட ஒரு விளையாட்டு ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு வந்தான். மேஜையில் திருகி மாட்டிக்கொள்ளலாம். கூடவே லாரி ஓட்டும் பழைய விளையாட்டு ஒன்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் உண்டு. நான் காளவாசலில் ஓர் ஆன்லைன் சென்டரில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், ரேஷன் கார்டு என்று மனுப் போட்டுக் கொடுக்கும் கடை. அங்கே ஓரங்கட்டிய லேப்டாப்பைத்தான் கடைக்கார அண்ணன் எனக்குக் கொடுத்திருந்தார். விண்டோஸ் போட்டால் அதற்கு மூச்சு வாங்கியது என்று லினக்ஸ் போட்டுவைத்திருந்தார். தம்பி கொண்டுவந்ததோ விண்டோஸுக்கான விளையாட்டு. லினக்ஸில் அது நேரடியாக ஓடாது. நடுவில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸ் சமாச்சாரங்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதைப் போடவேண்டும். அதன் பெயர் வைன். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி நான் பக்கத்து வீட்டில் வாங்கிய முறைப்பு தனிக்கதை.

"நெட்ல பாத்துப் போட்டுக்கக்கா, ஈஸிதான்" என்று சொல்லிவிட்டுத் தம்பி பஸ் ஏறிவிட்டான். ஈஸிதான் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பிடித்து வைத்து உதைக்கவேண்டும்.

நெட்டில் பார்த்துத்தான் போட்டேன். எதையாவது செய்யச் சொன்னால் லேப்டாப் முடியாது என்றது. கடைக்கார அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "எது மாட்டேன்னாலும் முன்னாடி சூடோன்னு ஒரு வார்த்தையப் போடு தங்கச்சி, கேக்கும்" என்றார். உண்மைதான், கேட்டது. உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ. விளையாட்டை ஏற்ற சூடோ, திறக்க சூடோ. மறுநாள் சூடோ போடாமல் திறந்துபார்த்தால், அந்த ஃபோல்டர் உனக்குச் சொந்தமில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. எப்படி இருக்கும் எனக்கு! என் வீடு, என் லேப்டாப், என் விரல் போட்ட ஃபோல்டர், எனக்குச் சொந்தமில்லையாம்.

லினக்ஸ் பயன்படுத்தும் தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு செல்போன் குழுவைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தேன். ஸ்கிரீனைப் போனில் படம் பிடித்து, "கேம் ஓடல, உதவி பண்ணுங்க" என்று போட்டேன். படத்தில் பாதி ஸ்கிரீன், பாதி என் வீட்டுக்காரரின் கால். குழுவில் ஒருவர் கண்டபடி கோபப்பட்டார். படம் அனுப்பக்கூடாதாம், எழுத்தாக அனுப்பவேண்டுமாம். அழுகை வந்துவிட்டது. போங்கடா நீங்களும் உங்கள் லினக்ஸும் என்று வெளியேறப் போனேன்.

அப்போதுதான் பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் தனியாக எழுதினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஓடலன்னு மட்டும் சொன்னா யாருக்கும் புரியாது. நின்னதுக்கு முன்னாடி அது என்ன சொல்லுச்சுன்னு அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க. எதுக்காக இந்த கேம் வேணும்னும் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கடையில் தினமும் "வரலம்மா, வரலம்மா" என்று வந்து நிற்கிறவர்களிடம், "என்ன வரல, எங்க வரல, தெளிவா சொல்லுங்க" என்று எரிந்து விழுகிறவள் நான். வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அனுப்பினேன். எதற்காக வேண்டும் என்பதையும் எழுதினேன். கை, லாரி, சுவர்ப்பக்கம் திரும்பிய முகம் எல்லாம்.

பதில் வந்தது. சூடோ போட்டால் அந்தக் கணினிக்கே அதிகாரி உத்தரவு போட்டதுபோல ஆகிவிடுமாம். அப்போது உண்டாகும் ஃபோல்டர் எல்லாம் அதிகாரி பெயரில் பதிவாகிவிடுமாம். சொத்தை என் பெயருக்குத் திருப்ப ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அட, பட்டா மாறுதல்! நான் தினமும் செய்கிற வேலை. அடித்தேன். விளையாட்டு திறந்தது. "அண்ணே, நீங்க தெய்வம்ணே" என்று எழுதினேன்.

ஆனால் தெய்வத்துக்கு இன்னும் வேலை இருந்தது. லாரி கிளம்பியது, நேராகப் போகவில்லை. ஸ்டீயரிங்கை நடுவில் வைத்தாலும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலியில் முட்டியது. மறுபடி கிளப்பினால் மறுபடி வேலி. அதையும் எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பூனைப் படக்காரரே போனில் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"அண்ணே இல்லக்கா, தங்கச்சி" என்றது ஒரு பெண் குரல். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் சிரித்துவிட்டு, "என்னக்கா அங்க, மழையா?" என்றாள். மழை இல்லை, பக்கத்து வீட்டுத் தறி என்றேன். செல்லூரில் ஞாயிற்றுக்கிழமையும் தறிக்கு லீவு கிடையாது.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போது இழுக்கிறது, எவ்வளவு இழுக்கிறது, கையை எடுத்துவிட்டால் என்ன செய்கிறது. எனக்கு என்ன தெரியும்? சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாது. "இழுக்குதும்மா, அம்புட்டுத்தான் தெரியும்" என்றேன்.

அப்போது கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "பிரேக்... புடிச்சா... இழுக்குதா? சும்மாவே இழுக்குதா?"

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்க்கவில்லை, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கா அது? அவங்க கேட்டதத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன். அவங்களையே பாக்கச் சொல்லுங்க" என்றாள் போனில் அந்தப் பெண்.

"தள்ளு" என்றார் என்னை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து லாரியைக் கிளப்பினார். நேர் ரோட்டில் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துப் பார்த்தார். "சும்மாவே... எடதுல போகுது. அலைன்மென்ட் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். ஏங்க, இதில் டயரே கிடையாது என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"கரெக்டுண்ணே, அலைன்மென்ட்தான்" என்றாள் அவள், சிரிக்காமல். வைனுக்குள் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். அங்கே ஒரே ஸ்டீயரிங் இரண்டாகப் பதிவாகியிருந்தது. ஒன்று நிஜம். இன்னொன்று பேய் மாதிரி, சும்மாவே ஓயாமல் இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேயை அணைத்துவிட்டால் முடிந்தது. "பாத்தீங்களாக்கா? இப்ப அணைச்சுரலாம், ரெண்டாவது பேர அமுக்குங்க."

ஸ்கிரீனில் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் விளையாட்டு லாரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அமுக்கப் போன நேரத்தில் இவர், "இரு... இரு... வளைவு வருது" என்றார். மலைப்பாதை. வலப்பக்கம் பெரிய வளைவு. லாரியோ இடப்பக்கம், பள்ளத்துக்கு இழுக்கிறது. இடது கையால் முறுக்குகிறார், பத்தவில்லை. பல்லைக் கடிக்கிறார். "வா... வாடீ..." என்று வண்டியைத் திட்டுகிறார். பள்ளம் கிட்டே வந்துவிட்டது.

மடியில் கிடந்த வலது கை எழுந்தது.

நான் பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். நடுங்கிக்கொண்டே எழுந்து, ஸ்டீயரிங்கின் விளிம்பில் போய் விழுந்து, விரல்கள் வளைந்து பிடித்தன. இரண்டு கையாலும் இழுத்து வளைவைத் தாண்டினார். தாண்டிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீறிட்டுக் கத்திவிட்டேன். போனில் அவள் பதறிப்போனாள். "என்னாச்சுக்கா? கரண்டு அடிச்சிருச்சா? லேப்டாப்ப விட்டுத் தள்ளி வாங்கக்கா!"

"கை வந்துருச்சும்மா... அவருக்குக் கை வந்துருச்சு" என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் புருசனின் கைக்காக அழுதுகொண்டிருந்தாள். இவர்தான் எங்கள் இருவரையும் அதட்டினார். "எதுக்கு... ஒப்பாரி? வண்டி ஓடுதுல்ல."

கொஞ்சம் தேறியதும் அவள் சொன்னாள். "அக்கா, அந்த ரெண்டாவது பேர இப்ப அணைக்காதீங்க. அது இழுக்கட்டும். அண்ணன் சமாளிக்கட்டும். பிசியோ மேடத்தக் கேட்டுட்டு, அவங்க சொல்றப்ப அணைச்சுக்கலாம்."

எவ்வளவு பெரிய வார்த்தை அது! அவ்வளவு மெனக்கெட்டு அவள் கண்டுபிடித்த கோளாறு. சரிசெய்து காட்டி, பார்த்தீர்களா என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்றால் அந்த ஆசை விட்டிருக்காது. அவள் கோளாறை அப்படியே விட்டுவைத்தாள். மறுநாள் பிசியோ பெண் வந்து பார்த்துவிட்டு, துள்ளாத குறையாகச் சந்தோஷப்பட்டாள். கை வலிக்கும்வரை ஓட்டக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டலாம் என்று நேரம் வகுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் தினமும் லாரி ஓடியது. வேலியில் முட்டும், பள்ளத்தில் விழும், இவர் வண்டியைக் கண்டபடி திட்டுவார். திட்டத் திட்டப் பேச்சும் தெளிந்தது. கொண்டைக்கடலைக் கிண்ணத்தைக்கூட ஒருநாள் அவரே இழுத்து வைத்துக்கொண்டார். பிசியோ பெண் போதும் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பேயை அணைத்தோம். லாரி நேராகப் போனது. "இப்பத்தான்யா இது வண்டி" என்றார்.

அவளுக்கு எதையாவது அனுப்பிவைக்க ஆசைப்பட்டு முகவரி கேட்டேன். கொடுக்கவில்லை. "என்ன கோளாறு, எப்படி சரியாச்சுன்னு குரூப்ல எழுதிருங்கக்கா. நாளைக்கு இதே மாதிரி மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு உதவும். அது போதும்" என்றாள். அந்தக் குழுவில் அதுதான் வழக்கமாம். எழுதினேன். முதல்நாள் என்மேல் கோபப்பட்ட அந்த மனிதர்தான் முதல் ஆளாக வாழ்த்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் இப்போது லாரி ஓட்டுவதில்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து எந்த வண்டி எந்த ஊருக்கு என்று பார்த்து அனுப்புகிறார். கை முழுசாகத் திரும்பவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகும். எழுத்து கோழி கிறுக்கினதுபோல இருக்கும்.

போன மாதம் இரண்டு பேரும் காளவாசலில் ரோட்டைக் கடந்தோம். அந்த இடத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் எந்தப் பக்கம் இருந்து வரும் என்று சொல்லமுடியாது. நான் பராக்குப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைத்துவிட்டேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முகத்துக்கு முன்னால் ஒரு பஸ் சர்ரென்று போனது. "கண்ண எங்க வச்சிக்கிட்டு வாற?" என்று நடுரோட்டில் வைத்து ஏசினார். பிடித்திருந்தது வலது கை. அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை விடவில்லை. மணிக்கட்டு நன்றாகவே வலித்தது, நான் சொல்லவில்லை.

முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண், எதற்காக இந்த விளையாட்டு வேண்டும் என்று என்னிடம் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.