வியாழக்கிழமை விற்ற மாடு

என் பெண்ணுக்கு நர்சிங் சீட் கிடைத்த அன்று வீட்டில் எல்லோரும் மாட்டைத்தான் பார்த்தோம். நகையெல்லாம் ஏற்கெனவே அடகில். நன்றாகக் கறக்கிற மாட்டை விற்றால் முதல் வருஷ ஃபீஸ் வந்துவிடும். மாசக் கடைசிக்குள் கட்டாவிட்டால் சீட் அடுத்தவளுக்கு என்று காலேஜில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வரிசையில் நின்றால் ரெண்டு நாள் வரமாட்டார். அதனால் வியாபாரத்தை நான்தான் முடித்தேன். என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள்.

வாங்க வந்தவர் சாத்தாங்காட்டில் இரும்புக் கடைகளுக்கு நடுவே டீக்கடை வைத்திருக்கிறவர். நெற்றி நிறைய விபூதி. வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். நாற்பத்தெட்டாயிரத்துக்குப் படிந்தது. வெற்றிலையில் வைத்து ரெண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். மீதிக்கு பேங்க் மூடியாச்சாம், போனில் அனுப்ப லிமிட் தாண்டிவிட்டதாம். பணத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கென்ன வாயா இல்லை? ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை லட்சுமியை யாராவது வீட்டை விட்டு அனுப்புவார்களா? சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாது, செங்குன்றத்தில் வேறு மாடு பார்த்துவிடுவேன் என்றார் அவர். சரி என்று லட்சுமிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

வெள்ளி காலை பணம் கேட்டுப் போனேன். மனுஷன் பதறிவிட்டார். வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளியே விடலாமா என்று என்னையே கேட்டார். நேற்று நான் பேசிய நியாயம்தானே அது. சனிக்கிழமை கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். ஞாயிறு பேங்க் லீவு. திங்கள் அஷ்டமி. செவ்வாய்க்கிழமை காசை வெளியே எடுக்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லையாம். புதன்கிழமைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அவரே இல்லை, திருத்தணி போய்விட்டார். வியாழன் ராத்திரிதான் திரும்பினார், விடிந்தால் மறுபடி வெள்ளி. பாலை மட்டும் அவர் வீட்டில் எல்லா நாளும் கறந்தார்கள். அதற்கு ராகுகாலம்கூடப் பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதி வாங்கினாயா என்றார்கள். வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார் என்றேன். அதெல்லாம் பத்திரத்தில் சேராதாம். மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டிடம் ஓடினேன். மாடு செத்துச்சா என்று கேட்டார். மாடு நல்லாத்தான் கீது சார், வாங்குனவருதான் துட்டு தரல என்றேன். அப்படியென்றால் ஒன்றும் வராது, செத்தால் வாம்மா என்றார் ரொம்ப மரியாதையாக. செத்த மாட்டுக்கு இந்த ஊரில் வழி இருக்கிறது. உயிரோடு போன மாட்டுக்கு ஒரு நாதியும் கிடையாது.

மாசக் கடைசி வந்தது, போனது. சீட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் பெண் அழவில்லை, என்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

நாலு நாள் கழித்து மாநகராட்சியிலிருந்து போன். என் மாடு எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே படுத்திருந்ததாம், பிடித்து வைத்திருக்கிறார்களாம், அபராதம் கட்ட வேண்டுமாம். அது என் மாடு இல்லை, விற்றாச்சு என்று கத்தினேன். இன்சூரன்ஸுக்குக் காதில் மாட்டிய வில்லை நம்பர் உன் பெயரில்தான் இருக்கிறது என்றார் அந்தப் பக்கம் பேசினவர். பெயரை மாற்ற எனக்கும் தோன்றவில்லை, வாங்கினவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொண்டு போய்க் கட்டினேன். உரிமையாளர் என்று என் பெயர் போட்டு ரசீது கொடுத்தார்கள். ஸ்டேஷனில் விற்றதற்குக் காகிதம் கேட்டார்கள்; மாடு என்னுடையது என்கிற காகிதம்தான் அபராதம் கட்டி என் கைக்கு வந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலமே டீக்கடைக்காரர் மாநகராட்சியில் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. பாக்கி முழுசும் இருந்தது, அபராதத்துக்கும் சேர்த்து. மாடு இல்லாமல் பாக்கெட் பாலில் போட்ட டீயை ஒருத்தரும் குடிக்கவில்லையாம். இந்தப் பணம் எப்போது வந்தது என்று கேட்டேன்.

"அன்னிலேர்ந்தே வூட்லதான்க்கா கீது. கேட்டவொடனே குட்த்துட்டா கையில தங்காது பாரு."

நான் துடைப்பத்தைத் தேடினேன். அதற்குள் என் பெண் உள்ளேயிருந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். இந்தப் பணத்துக்குத்தான் காத்திருந்தோம், சீட் போய்விட்டது என்று அவரிடம் சொன்னாள். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான், உச்சுக் கொட்டினார்.

"வுடும்மா, அடுத்த வர்சம் சேந்துக்க. காலேஜு எங்க போயிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்க்கக் குனிந்தார்.

அவள் அபராதத்தை மட்டும் எண்ணி எடுத்தாள். அட்வான்ஸ் இத்தனை நாள் கறந்த பாலுக்குச் சரியாகிவிட்டது என்றாள். பையை அவர் கையில் திணித்தாள்.

"மாடும் எங்கயும் போவாதுண்ணா. நீங்களும் அடுத்த வர்சம் வந்து புட்ச்சுகினு போங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.